பீர் முஹம்மது மூடிய இன்ஜின்

மந்தைவெளியில் பறக்கும் ரயில் பாலத்தை ஒட்டிய சந்தில்தான் எங்கள் இரண்டு பேருக்கும் ஷெட். முன்பக்கம் பீர் முஹம்மது பாயின் மெக்கானிக் ஷெட். பின்பக்கம் இரும்பு கடைகிற என் லேத்து. நடுவில் ஒரு தகரம். அந்தத் தகரத்துக்கு இந்தப் பக்கம் நின்று இருபத்திரண்டு வருஷமாக அவரைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். பார்த்ததைவிடக் கேட்டதுதான் அதிகம்.

பாய் உட்கார்ந்து நான் கண்டதில்லை. வயது ஐம்பத்தெட்டு, ஒல்லி உடம்பு. டீயைக்கூட நின்றுகொண்டுதான் குடிப்பார். பாதி கிளாஸ் இறங்குவதற்குள் சந்து முனைக்கு நடந்துபோய், போகிற ஆட்டோவை நிறுத்தி, "நைனா, வால்வு எரிஞ்சிகினு கீது, பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு வருவார். ஆட்டோக்காரன் கேட்டானா, நாலு வார்த்தை திட்டினானா என்றெல்லாம் அவருக்குக் கவலை கிடையாது. காதில் விழுந்ததைச் சொல்லாவிட்டால் அவருக்கு அன்றைக்குச் சோறு இறங்காது.

பதிமூன்று வயதில் ராயப்பேட்டையில் ஒரு டாக்சி ஷெட்டில் நட்டு போல்ட்டு கழுவச் சேர்ந்தவர். இதுவரை சொந்தமாக ஒரு கார் வாங்கியதில்லை. ஒரு மொபெட் உண்டு. அதையும் பாதி நாள் தள்ளிக்கொண்டுதான் வருவார், யோசனையில்.

அவரிடம் ஒரு பழக்கம். இன்ஜினைப் பிரித்து எல்லாம் புதுசாகப் போட்டு, கடைசியில் மேல் மூடியான ஹெட்டை வைத்து நட்டுகளை இறுக்கியதும், சட்டைப் பையிலிருந்து நகப்பூச்சு குப்பியை எடுப்பார். முன்பு அது மனைவி அஃப்சருன்னிசாவுடையது, பிறகு மகள் ரூபீனாவுடையது. ஒவ்வொரு நட்டின் மேலிருந்தும் ஆரம்பித்து அடியில் இருக்கிற இரும்பு வரைக்கும் இறங்குகிற மாதிரி ஒரு கோடு. யாராவது ஸ்பேனர் போட்டு நட்டைத் திருப்பினால் கோடு உடைந்துவிடும். ஷெட் போட்ட இந்த முப்பது வருஷத்தில் அவர் போட்ட கோட்டை வேறொருவன் உடைத்ததில்லை. இதை அவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. ஆனால் யாராவது பழைய வண்டியைக் கொண்டுவந்தால் முதலில் கோட்டைத்தான் தடவிப் பார்ப்பார்.

அந்தக் கோட்டுக்குத்தான் போன ஆடியில் ஆபத்து வந்தது.

அபிராமபுரம் பத்ரிநாராயணன் சாரின் ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். ஐம்பது வருஷத்துக்கு மேலான வண்டி. முன்பக்கம் பானெட்டு முழுசாக முன்னால் சாயும். இன்ஜின் அப்படியே வெட்டவெளியில் நிற்கும், நாலு பக்கமும் கை போகும். பிளாக்குக்கு நான்தான் போரிங் போட்டேன். பிஸ்டனைத் தாங்கும் ராடுகளுக்குச் சின்ன புஷ்ஷு வளையங்களையும் நான்தான் கடைந்து கொடுத்தேன். சித்திரையில் பிரித்தது, ஆடி பிறந்துதான் மூடினார். ஹெட்டுக்கு அடியில் வைக்கிற கேஸ்கெட்டு அட்டைக்கு மட்டும் புதுப்பேட்டையில் மூன்று மாதம் அலைந்தார். கிடைத்தது ஒன்றே ஒன்று.

திங்கட்கிழமை காலை பத்ரி சார் கற்பூரமும் எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தார். முதல் சாவியிலேயே இன்ஜின் பிடித்தது. நான் லேத்தை நிறுத்திவிட்டு வந்து பார்த்தேன். சார் கைதட்டினார். அந்தக் கைதட்டல் ஓய்ந்தபோதுதான் கேட்டது.

டக். டக். டக். டக்.

"பாய், யாரோ கதவத் தட்டறாப்ல இருக்கே?" என்றார் சார்.

"சூடாவுட்டும் சார். சூடாச்சின்னா பூடும்."

சூடாயிற்று. போகவில்லை. ஆக்சிலேட்டரைத் தூக்கினால் அதுவும் வேகமாகத் தட்டியது. குறைத்தால் மெதுவாகத் தட்டியது.

பத்ரி சார் நல்ல மனிதர். அதனாலேயே சுற்றி வளைத்துத்தான் பேசுவார். "தப்பா நெனச்சுக்காதீங்கோ பாய். சனிக்கிழமை நங்கநல்லூர் ஆஞ்சநேயருக்கு வடமாலை சொல்லியாச்சு. ஆத்துல அவ இந்த வண்டிலதான் வருவேன்னு ஒத்தக்கால்ல நிக்கறா. அடையார்ல ஒரு பெரிய ஷெட்டு இருக்காம், மச்சினன் சொல்லிண்டிருக்கான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவேன். சத்தம் போகலேன்னா வண்டிய அங்க இழுத்துண்டு போய், தெறந்து பாக்கச் சொல்லிடறேன்."

பாய் தலையை ஆட்டினார். சார் போனதும், "தெறந்து" என்று தனக்குத்தானே ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

இப்படித் தட்டினால் முதலில் யாரும் டாப்பெட்டைத்தான் சொல்வார்கள். வால்வுக்கும் அதை அமுக்குகிற கைக்கும் நடுவில் ஒரு முடி அளவு இடைவெளி இருக்கவேண்டும். கூடினால் தட்டும். செவ்வாய்க்கிழமை முழுக்க பாய் எட்டு வால்வுக்கும் கேஜ் விட்டு அளந்தார். ஆறவைத்து ஒருமுறை, சூட்டில் ஒருமுறை, மறுபடியும் ஆறவைத்து ஒருமுறை. எட்டும் சரியாக இருந்தன. எட்டும் சரியாக இருக்கும்போதே தட்டியது.

சைலன்சர் பைப்பு சேருகிற இடத்தில் புகை கசிந்தாலும் இதே சத்தம் வரும் என்று ஈரத்துணி சுற்றிப் பார்த்தார். இல்லை. டைனமோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். அதுவும் இல்லை.

புதன்கிழமை காலையில் லேத்துப் பக்கம் வந்தார். நான் ஒரு ஷாஃப்ட்டு கடைந்துகொண்டிருந்தேன். வந்தவர் ஒரு நட்டை எடுத்து வைத்தார், இன்னொன்றை எடுத்தார்.

"நைனா, அந்த சின்ன புஷ்ஷு..."

"இன்னா புஷ்ஷுக்கு?"

"ஒண்ணுமில்ல."

"என் மேல போடறியா பாய்? நேராச் சொல்லு. நாலையும் உன் கையில குடுத்து, பின்னு போட்டு ஆட்டிப் பாத்துட்டுத்தான எடுத்துகினு போன?"

"உன் மேல ஏன் போடறேன்? உன் மேலயும் போட முடியல, எம் மேலயும் போட முடியல. அதான் நிக்க முடியல."

கோபம் எனக்கு. ஆனால் சொல்லிவிட்டு அவர் நின்ற நிலையைப் பார்த்தால் கோபமும் நிற்கவில்லை. இருவருமாகப் போனோம். இன்ஜினை ஓடவிட்டு ஒவ்வொரு பிளக்கின் வயரையும் பிடுங்கிப் பார்த்தார். புஷ்ஷோ பேரிங்கோ தளர்ந்திருந்தால், அந்த பிளக்கைப் பிடுங்கியதும் அங்கே அடி குறையும், சத்தம் மாறும். நாலையும் பிடுங்கினார். டக் டக் ஒரே மாதிரி இருந்தது. என் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அவர் நெஞ்சில் அது ஏறியது.

பிறகு நீள ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். முனையை இன்ஜின் மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்தி, கண்ணை மூடிக்கொண்டு கேட்பது அவர் வழக்கம். கேட்கத்தான் விடவில்லை. தலைக்கு மேல் ரயில். ரயில் போனால் முனை அம்மன் கோயில் ஒலிபெருக்கி, ஆடி மாதம் ஆயிற்றே. மைக் செட் போட்டிருந்த அஜித்குமாரிடம் போய் நின்றார். நானும் கூடப் போனேன்.

"நைனா, அந்தக் குழாய அஞ்சு நிமிஷம் மூடேன். ஒரு சத்தம் கேக்கணும்."

"இன்னா பாய், கூழ் ஊத்தற நேரத்துல குழாய மூடச் சொல்ற? ஒண்ணு பண்ணு. உன் வண்டிய இட்டாந்து மைக்குகிட்ட வுடு. மந்தைவெளியே கேட்டு உனக்குப் பதில் சொல்லும்."

கூழ் வாங்க நின்றவர்கள் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. அப்படியே நின்றார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு அஜித்குமாரே, "ரெண்டு நிமிஷம், அதுக்கு மேல கேக்காத" என்று ஒயரைப் பிடுங்கினான். பாய் ஓடினார். அந்த வயதில் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.

இரண்டு நிமிஷத்தில் ஒன்று தெரிந்தது. சத்தம் இடது பக்கம், நடுவில், வால்வுகளை ஆட்டுகிற கேம் ஷாஃப்ட்டு ஓடுகிற உயரத்தில். அங்கே வெளிப்பக்கம் ஒட்டிக்கொண்டிருப்பது பெட்ரோல் பம்பு. உள்ளே இருப்பவை, வால்வுத் தண்டுகளைத் தூக்குகிற குமிழ்கள். பம்பா, குமிழா?

பம்பைச் சோதிக்க பாய் ஒரு பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி மேலே கட்டினார். பம்பின் டியூபைக் கழற்றி, பாட்டிலிலிருந்தே கார்புரேட்டருக்குச் சொட்டவிட்டார். ஓடவிட்டால் மறுபடியும் டக் டக்.

"பம்பு இல்ல" என்றார். அவர் சொன்னதும் நானும் இல்லை என்றேன். இரண்டு பேர் அனுபவத்தையும் கூட்டினால் எழுபத்தைந்து வருஷம் வரும். அத்தனை வருஷமும் சேர்ந்து அன்றைக்குத் தப்பாக யோசித்தது.

பம்பு இல்லை என்றால் குமிழ்தான். குமிழை வெளியே எடுக்க ஹெட்டைக் கழற்றியாகவேண்டும். வியாழக்கிழமை வால்வை அமுக்குகிற ராக்கரைக் கழற்றினார், தண்டுகளை உருவிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டிப் பார்த்தார். எட்டும் நேராக உருண்டன. மிச்சம் ஹெட்டு. ஸ்பேனரை எடுத்து முதல் நட்டில் மாட்டினார். ஊதா நிறக் கோடு ஸ்பேனருக்கு அடியில் தெரிந்தது.

"தெற பாய்" என்றேன். "உன் கையால தெறந்தா அது வேற."

"தெறந்தா கேஸ்கெட்டு பூடும் நைனா. வேற கேஸ்கெட்டு கெடையாது. மறுபடி மூடாம வுட்டா, நாளைக்கி அடையார்காரன் வந்து வாரிகினு போவான். நான் மூடலன்னு ஆயிடும்."

"அப்ப தெறக்காத."

"தெறக்காம வுட்டா அவன் தெறப்பான்."

ஸ்பேனரை மாட்டினார், எடுத்தார், மாட்டினார். கடைசியில் அதை அப்படியே தொங்கவிட்டு, கை கழுவாமல் சந்துக்குப் போனார். முனை வரைக்கும் போவதும் திரும்புவதுமாகச் சாயங்காலம் வரை நடந்தார். ஒரு ஆட்டோவைக்கூட நிறுத்தவில்லை.

வெள்ளிக்கிழமை ராக்கரைத் திரும்பப் பூட்டி, கேஜ் வைத்துவிட்டு, ஜும்மாவுக்குப் போய் வந்தார். வந்ததும் சொன்னார், "தொழுகைலகூட வெரல் தட்டிகினே கீது நைனா. பக்கத்துல நின்னவரு திரும்பித் திரும்பிப் பாக்குறாரு." ஆடி வெள்ளி என்பதால் வெளியே ஒலிபெருக்கி இரண்டாகியிருந்தது. காதை வைத்து இனி ஒன்றும் ஆகப்போவதில்லை.

இரண்டு மணிக்கு அஃப்சருன்னிசா அக்கா சாப்பாட்டுக் கேரியரோடு வந்தார். ஒரு கையில் கேரியர், ஒரு கையில் போன். "உங்க பொண்ணு. காலைலேந்து அஞ்சு தடவ அடிச்சிட்டா, நீங்க எடுக்கலியாம்." பாயின் கை முழுக்க கிரீஸ். அக்காவே போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

ரூபீனாவுக்கு இரண்டு மாதத்துக்கு முன்புதான் கல்யாணமாகி ஆம்பூருக்குப் போயிருந்தாள்.

"அத்தா, கல்யாணத்தப் பதிவு பண்ணணும். பத்திரிகை ஒரிஜினல் கேக்கறாங்க. இங்க ஒண்ணுகூட மிச்சமில்ல. நான் உங்ககிட்ட நாலு எடுத்து வெக்கச் சொன்னேனே, பத்திரமா கீதுல்ல?"

"கீது."

"நாலையும் கொரியர்ல போடுங்க. பாஸ்போர்ட்டுக்கும் வேணும்."

பாய் கொஞ்சம் தயங்கினார். "ரெண்டு கீது."

"மீதி ரெண்டு?"

"வண்டில கீது."

"எந்த வண்டில?"

அக்கா போனைப் பிடித்தபடியே அவரை முறைத்தார். எனக்கு விஷயம் தெரியும். பாய் சின்னச் சின்ன கேஸ்கெட்டுகளைக் கல்யாணப் பத்திரிகையில்தான் வெட்டுவார். அந்த அட்டை எண்ணெயைத் தாங்கும், சுருங்காது. ஊர்ப் பத்திரிகையெல்லாம் அவர் ஷெட்டுக்குத்தான் வரும். சாமி படம், பிஸ்மில்லா, மணமக்கள் பெயர் இருக்கிற இடங்களை வெட்டித் தனியாக ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, ஒன்றும் அச்சடிக்காத இடத்தில்தான் கத்தரி வைப்பார். ஆடியில் கல்யாணம் ஏது? பத்திரிகை வரத்து நின்றுபோயிருந்தது. பம்புக்கு அடியில் வைக்க அட்டை இல்லாமல் மகள் பத்திரிகையை எடுத்திருக்கிறார். சாதாரணமாகக் கிடைக்காத, நல்ல கனத்த அட்டை.

"பெட்ரோல் பம்புக்கு அடியில வெச்சேம்மா. தம்மாத்தூண்டு அட்டதான். பிஸ்மில்லாவ வெட்டி டப்பால வெச்சிட்டேன்."

"எங்க பேர எதுக்கு அத்தா பம்புல வெச்சீங்க? அவங்க வூட்ல கேட்டா இன்னா சொல்றது?" அவள் சிரிக்கிறாளா, அழுகிறாளா என்று தெரியவில்லை. "அதுவும் ஒண்ணு போதாதா? எதுக்கு ரெண்டு?"

"பத்திரிகை முழுக்க எழுத்தும்மா. எழுத்து இல்லாத எடமே இல்ல. உங்க பேரு மேல எண்ண படக்கூடாதுன்னுட்டு ரெண்டயும் எழுத்துப் பக்கம் உள்ள வெச்சி ஒட்டி..."

அங்கே நின்றார். வாய் திறந்தபடியே இருந்தது.

"அத்தா? ஹலோ?"

"ரெண்டு" என்றார் பாய். என்னைப் பார்த்தார். "நைனா, ரெண்டு அட்ட. நடுவுல பச."

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. பம்பை ஆட்டுவதற்கு ஒரு கை உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றுகிற கேம் ஷாஃப்ட்டை அது எப்போதும் தொட்டுக்கொண்டே இருக்கவேண்டும். அடியில் அட்டை தடித்தால் பம்பு வெளியே தள்ளி நிற்கும். கை எட்டாது. ஒவ்வொரு சுற்றுக்கும் கேம் வந்து அதை அடித்துவிட்டுப் போகும். புதன்கிழமை நாங்கள் டியூபைத்தான் கழற்றினோம். பெட்ரோல்தான் பம்புக்குப் போகவில்லை. கை உள்ளேயேதான் இருந்தது, அடி வாங்கிக்கொண்டேதான் இருந்தது.

பாய் அக்காவிடம், "போன வை, அப்பறம் பேசறேன்னு சொல்லு" என்றார். போன் ஸ்பீக்கரில் இருந்ததால் ரூபீனா அதைக் கேட்டு, "ரெண்டு பத்திரிகையாவது போடுங்க!" என்று கத்தியது சந்துக்கே கேட்டிருக்கும்.

இரண்டே நட்டு. பம்பு கையோடு வந்துவிட்டது. ஓட்டையை ஒரு தகரம் வைத்து மூடி, பாட்டிலைத் திரும்பக் கட்டி, சாவியைப் போட்டார். இரண்டு ஒலிபெருக்கிக்கும் நடுவில் எதுவும் கேட்காது. ஆகையால் பாய் காதை விட்டுவிட்டு, உள்ளங்கையை அந்தத் தகரத்தின் மேல் வைத்தார். என் கையையும் இழுத்து வைத்தார். அக்காவின் கையையும் வைக்கச் சொன்னார்.

"தெரியுதா?"

"சூடு தெரியுது" என்றார் அக்கா.

"அது இல்ல. தட்டறது."

"ஒண்ணும் தட்டல."

"அதான்" என்றார் பாய். "அதேதான்."

பம்பின் அடியிலிருந்து அட்டையைப் பிளேடால் பிரித்தார். என் வெர்னியரில் வைத்தேன். பசையோடு சேர்த்து இரண்டு மில்லிக்கு மேல். இருக்கவேண்டியது அரை மில்லி. இரண்டு அட்டையையும் மெதுவாகப் பிரித்தார். வெளிப்பக்கம் கறுத்துப்போயிருந்தது. உள்ளே பாதி ரூபீனாவும் முழு மாப்பிள்ளையும் அப்படியே இருந்தார்கள். ஒரு சொட்டு எண்ணெய் இல்லை. அக்கா இரண்டையும் கையில் வாங்கினார். முந்தானையில் துடைத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"இனிமே எவங்க கல்யாணத்தயும் இன்ஜின்ல வெக்காதீங்க" என்றார்.

புது கேஸ்கெட்டு என் பேரிங் டப்பாவின் மூடியில் வெட்டினது. யார் பெயரும் இல்லாத அட்டை. ஒற்றை.

ஐந்து மணிக்கு பத்ரி சார் வந்தார், கையில் இழுக்கிற கயிறோடு. பாய் சாவியைப் போட்டார். அந்த நேரம் கோயிலில் தீபாராதனை, ஒலிபெருக்கி ஓய்ந்திருந்தது. இன்ஜின் ஓடியது. சார் குனிந்து பார்த்தார், நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கே போச்சு?"

"பம்பு அட்ட தடிச்சிப் போச்சு சார். என் தப்பு."

இருபத்திரண்டு வருஷத்தில் வாடிக்கையாளரிடம் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. நான் புஷ்ஷுக்காகக் கோபப்பட்டதை எண்ணிக் கொஞ்சம் தலையைக் குனிந்துகொண்டேன். சார் கயிறைச் சுருட்டி டிக்கியில் போட்டார். "அப்போ தெறக்க வேண்டாம்ங்கறேள்?"

"வாணாம் சார்." பாய் ஹெட் நட்டுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவினார். முதல் நட்டில் மட்டும் ஸ்பேனர் மாட்டி மாட்டி எடுத்ததில் கோட்டின் ஓரம் லேசாகச் சுரண்டியிருந்தது. உடையவில்லை. ஆனாலும் குப்பியை எடுத்து அதன் மேலேயே இன்னொரு தரம் பூசினார்.

சனிக்கிழமை காலை எட்டரைக்கு வண்டி நங்கநல்லூர் புறப்பட்டது. ஒன்பதரைக்கெல்லாம் பாய் நாலு தடவை சந்து முனைக்குப் போய்த் திரும்பியிருந்தார். பத்துக்கு போன் வந்தது. எடுத்தவர் முகம் மாறியது. நானும் லேத்தை நிறுத்தினேன்.

"பாய், கோயில் வாசல்ல நிக்கறோம்" என்றது ஸ்பீக்கரில் சாரின் குரல். "சத்தமே இல்ல. சத்தமே இல்லாம வர்றதப் பாத்து ஆத்துக்காரிக்குப் பயமாப் போயிடுத்து. வண்டி ஓடறதா நின்னுடுத்தான்னு வழி நெடுக கேட்டுண்டே வந்தா."

"இப்ப ஓடுதா சார்?"

"ஓடிண்டுதான் இருக்கு. வடமாலைய எறக்கறோம்."

"பானெட்ட சாய்ச்சி, போன இடது பக்கமாப் புடி சார். ஒரு நிமிஷம்."

அந்தப் பக்கம் ஏதோ முனகல், பிறகு பானெட்டு சாய்கிற கிரீச். பாய் போனைக் காதெலும்பில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடினார். என்னைப் பேசவேண்டாம் என்று ஒரு விரலைத் தூக்கினார். நான் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் பாலத்தின் மேல் ரயில் வந்தது. பாய் கண்ணைத் திறந்தார், மேலே ஒருமுறை முறைத்தார். பிறகு போனைக் காதோடு ஒட்டிப் பிடித்தபடி, மறு கையால் இன்னொரு காதைப் பொத்திக்கொண்டு, ரயில் சத்தத்திலிருந்து தப்பிக்க சந்து நெடுக ஓடினார். செருப்பு என் லேத்து வாசலிலேயே கிடந்தது.